தராசுக்குத் தெரியாத கொழுப்பு

குமரி மாவட்டத்து இரணியலில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணை. மாதம் தவறாமல் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண், வீட்டுக்காரரின் விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கையடக்கக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நூத்தித் தொண்ணூறு மாமா" என்றார். சாரத்தை மடித்துக் கட்டியபடி, சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். "நான் மெலிஞ்ச ஆளாக்கும் மக்களே. எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் தடி கிடையாது. பின்ன எனக்கு எங்கன இந்தச் சுகரு வந்து?" என்று கேட்டார். "மெலிஞ்சவங்களுக்கும் வரும் மாமா. மாத்திரைய மட்டும் முடக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கைகள் மெலிந்தவை, தோள்பட்டை எலும்பு துருத்தித் தெரிகிறது. உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ. உடல் நிறைக் குறியெண் 22. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் அவர் பருமனானவர் இல்லை. என்னிடம் ஒரு இஞ்ச் டேப் இருந்தது. அவரை எழுந்து நிற்கச் சொல்லி, சாரத்தின் கட்டை இறக்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்தேன். 94 செ.மீ. இந்திய ஆண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 90. தராசு பார்க்காத ஒன்று அந்த வயிற்றுக்குள் இருக்கிறது.

அந்த வயிற்றுக் கொழுப்பு என்ன செய்கிறது என்பதைக் கண்டறிய உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். கொழுப்புத் திசு ஹார்மோன் சுரக்கிறது, அழற்சியைக் கிளப்புகிறது, இன்சுலினைக் கெடுக்கிறது என்றெல்லாம் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் துண்டு துண்டாகப் படிக்கிறோம். இவற்றில் எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது, நம் மக்களின் உடலுக்கு இவற்றில் எது பொருந்தும் என்று மொத்தமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் திண்ணைக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

கொழுப்பை நெடுங்காலம் பத்தாயமாகத்தான் பார்த்தார்கள். அறுவடைக் காலத்தில் நெல்லை நிறைப்பது, பஞ்சத்தில் எடுத்துக்கொள்வது. பத்தாயத்துக்கு வாய் கிடையாது. இந்த எண்ணத்தை உடைத்தது ஒரு குண்டு எலி. 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், சாப்பாட்டை நிறுத்தவே தெரியாத எலிக்குட்டிகள் சில பிறந்தன. பின்னர் அங்கே பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், அப்படிப்பட்ட எலியையும் சாதாரண எலியையும் ரத்தஓட்டம் கலக்கும்படி ஒட்டித் தைத்தார். குண்டு எலி தின்பதைக் குறைத்தது. சாதாரண எலியின் ரத்தத்தில் 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று ஓடுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அது என்னவென்று 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு செல்களே சுரக்கும் ஒரு புரதம். மெலிவு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். பத்தாயம் பேசுகிறது என்று அன்றுதான் உறுதியாயிற்று.

மனிதரில் அதன் வலிமையைக் காட்டியவர்கள் இரண்டு குழந்தைகள். பிரிட்டனில் வாழ்ந்த பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றில், உறவுமுறைக் குழந்தைகள் இருவர். பெண் குழந்தைக்கு எட்டு வயதில் 86 கிலோ, பையனுக்கு இரண்டு வயதில் 29 கிலோ. இருவருக்கும் லெப்டின் மரபணு பழுதாகியிருந்ததை ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் கேம்பிரிட்ஜ் குழு 1997இல் கண்டது. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டபோது ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. அதைவிட முக்கியம், ஓயாமல் உணவு கேட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலச் சாப்பிட்டு எழுந்துபோகத் தொடங்கியது. தமிழில் திமிர்ப் பேச்சைக் 'கொழுப்பு' என்கிறோம். 'உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு' என்று திட்டுகிறோம். பருமனைக் குணக்கேடாகப் பார்க்கும் பழக்கம் நம் மொழிக்குள்ளேயே ஊறியிருக்கிறது. பசியை மன உறுதியால் மட்டும் அடக்கிவிட முடியாது, அதற்கு ஒரு ரசாயனம் உண்டு என்று நிறுவிய அந்தக் குழந்தையை நினைத்தால், அந்தச் சொல்லாட்சி எனக்கு வலிக்கிறது.

லெப்டின் கிடைத்துவிட்டது, இனிப் பருமனே இருக்காது என்று உலகம் துள்ளியது. 1999இல் வெளியான பரிசோதனை அந்த நம்பிக்கையைக் குறைத்தது. சாதாரணப் பருமன் உள்ளவர்களுக்கு லெப்டின் கொடுத்தபோது எடை சிறிதளவே குறைந்தது, அதுவும் எல்லோருக்கும் இல்லை. அவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடுகிறது. மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை. லெப்டின் இயற்கையில் வந்த வேலையே வேறு என்று இன்று பலர் கருதுகிறார்கள். அது பருமனைத் தடுக்க வந்த காவலாளி இல்லை, பட்டினியை அறிவிக்க வந்த தண்டோரா. லெப்டின் விழுந்தால் உடல் பட்டினி என்று புரிந்துகொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது, மாதவிலக்கை நிறுத்துகிறது, நோய் எதிர்ப்பையும் தாழ்த்துகிறது. லெப்டின் இல்லாத அந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி தொற்று வந்தது இதனால்தான். எடை குறைத்தவர்கள் மறுபடி ஏறிவிடுவதற்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது: குறைந்த லெப்டினை மூளை பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது.

லெப்டினின் கதையில் கவனிக்க வேண்டிய இன்னொரு முனை, அது எதிர்ப்பு செல்களோடும் பேசுகிறது என்பது. டி செல்களில் லெப்டின் ஏற்பிகள் உண்டு. லெப்டின் மிகுந்தால் அவை அழற்சிப் பக்கம் சாய்கின்றன. பசியும் நோய் எதிர்ப்பும் தனித்தனி இலாகாக்கள் என்ற பழைய பாடம் இங்கே உடைகிறது. பட்டினியில் எதிர்ப்பு தாழ்வதும், பருமனில் அது தேவையில்லாமல் கொதிப்பதும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

இன்னொரு ஹார்மோனான அடிபோனெக்டின் லெப்டினுக்கு நேர் எதிரான போக்குடையது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் பிலிப் ஷெரரும் ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மாட்சுசாவா குழுவும் அதைத் தனித்தனியே கண்டார்கள். கொழுப்பு செல் சுரப்பதுதான் என்றாலும், கொழுப்பு பெருகினால் இது குறைகிறது. ஈரலும் தசையும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க இது உதவுகிறது, அழற்சியைத் தணிக்கிறது. நம் நாட்டுக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன், சி. சினேகலதா குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் அடிபோனெக்டின் குறைந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று காட்டினார்கள். டாக்டர் வி. மோகன் தலைமையில் 2001இல் தொடங்கிய கியூர்ஸ் என்ற சென்னை நகர–ஊரக ஆய்விலிருந்தும், அடிபோனெக்டின் குறைவுக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் கூட்டுக்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது. தெற்காசியரிடம் இது ஐரோப்பியரைவிடக் குறைவு என்பதையும் பல ஆய்வுகள் சொல்கின்றன.

அழற்சி இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். 1993இல் ஹார்வர்டில் கோகன் ஹோட்டமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் ஆகியோர் பருமனான எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற பொருளைக் கண்டார்கள். காயத்திலும் தொற்றிலும் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் பொருள் அது. காயமே இல்லாத கொழுப்பில் அதற்கு என்ன வேலை? அதை முடக்கியபோது எலிகளிடம் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. பத்து ஆண்டு கழித்து, 2003இல், அதைச் சுரப்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று தெரிந்தது. மெலிந்த உடலின் கொழுப்புத் திசுவின் செல்களில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கணுக்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மிகப் பருமனான உடலில் அவை நாற்பது வரை ஏறிவிடுகின்றன. கொழுப்பு என்று நாம் நினைப்பதற்குள் ஓர் எதிர்ப்புப் படையே இருக்கிறது.

நுண்ணோக்கியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொழுப்பு செல் என்பது ஒரு பெரிய எண்ணெய்த் துளி. மெல்லிய தோல்போல ஓரத்தில் மட்டும் செல்லின் மற்ற உறுப்புகள். அது ஊதி ஊதித் தன் எல்லைக்கு வருகிறது. நடுவில் உள்ள செல்லுக்குப் பிராணவாயு எட்டாமல் போகிறது. கடைசியில் அது சாகிறது. செத்த செல்லைச் சுற்றி விழுங்கணுக்கள் மாலைபோல நெருங்கி நின்று, கசியும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்கின்றன. இத்தாலியின் சவேரியோ சின்டி குழு 2005இல் இந்த வளையங்களை விரிவாக விளக்கியது. அந்த வளையத்திலிருந்து டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்றவை ரத்தத்துக்குள் கசிகின்றன. ஈரல் அதற்குப் பதிலாகச் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தைக் கூட்டுகிறது. காய்ச்சல் வராது, வலி தெரியாது. நெருப்பு எரிவதாகத் தெரியாமல் உமி கனிந்துகொண்டே இருப்பதுபோல ஆண்டுக்கணக்கில் இது நடக்கிறது.

இது இன்சுலினை எப்படித் தடுக்கிறது? இன்சுலின் செல்லின் கதவில் வந்து தட்டியதும், உள்ளே ஒரு புரதம் செய்தியை வாங்கி அடுத்ததற்குத் தர வேண்டும். அழற்சிப் பொருள்கள் அந்த முதல் தூதுவனை வேறோர் இடத்தில் பாஸ்பேட் ஒட்டி முடக்கிவிடுகின்றன. கதவு தட்டப்படுகிறது, திறக்க ஆளில்லை. சர்க்கரை வெளியே நிற்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினை அனுப்பி ஓய்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு இதில் கூடுதல் தீங்கு செய்வதற்குக் காரணம் அதன் இருப்பிடம். குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் நேரே ஈரலுக்குள் போகிறது.

இவ்வளவு தெளிவாக இருந்தால் மருத்துவம் எளிதாகத்தானே இருக்க வேண்டும்? அழற்சியை அணைத்தால் சர்க்கரை நோய் போய்விட வேண்டும். அங்கேதான் இந்தத் துறை தடுமாறியது. அதைச் சொல்லாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். சாலிசிலேட் என்ற ஆஸ்பிரின் குடும்ப மருந்து சர்க்கரையைக் குறைக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் கண்ட ஒன்று. அதன் வகையான சால்சலேட்டை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுக்கும் ஊசி எலியில் செய்ததை மனிதரில் செய்யவில்லை. மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுத்துப் பார்த்த கான்டோஸ் ஆய்வு 2017இல் வந்தது. மாரடைப்பு குறைந்தது, அது பெரிய செய்தி. ஆனால் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது குறையவில்லை.

இன்டர்லூகின்-6 இன்னும் குழப்பியது. கொழுப்பிலிருந்து ஓயாமல் கசியும்போது அது கேடு. நாம் நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் தசையும் அதைச் சுரக்கிறது. அப்போது அது அழற்சியைத் தணிக்கிறது, வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கவும் உதவுகிறது. அடிபோனெக்டினும் எப்போதும் நன்மையின் அடையாளமாக இல்லை. முதிய வயதில், இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவர்களிடம் அது மிகுந்திருந்தால் இறப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. கொழுப்பு விரிந்து இடம் கொடுப்பதற்கே கொஞ்சம் அழற்சி தேவை என்று ஷெரரின் குழு பின்னாளில் எலிகளில் காட்டியது. ரெசிஸ்டின் என்ற இன்னொரு சுரப்பு எலியில் கொழுப்பு செல்லிலிருந்து வருகிறது, மனிதரில் பெரும்பாலும் விழுங்கணுக்களிலிருந்து. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு எடுத்துக்கொண்ட அவசரத்துக்கு இது நல்ல பாடம்.

காரணத்தையும் கூட வருவதையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இரணியலுக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏற வந்த ஹோவர்ட் சோமர்வெல் 1920களில் அங்கே மருத்துவராகச் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். தென் திருவிதாங்கூரில் அப்போது குடற்புண் மிகுதி. கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்கு அறுவைசிகிச்சை செய்தார். உணவுதான் காரணம் என்றே அக்காலத்தில் பேசினார்கள். 1980களில்தான் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் பெரும்பாலான குடற்புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் காட்டி, 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். உணவை இன்னொரு நோய்க்கும் குற்றவாளியாக்கினார்கள். கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் விரிவாகப் பதிவுசெய்த, கணையத்தில் கல் சேரும் நீரிழிவு, மெலிந்த ஏழைகளுக்கு வந்தது. மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைடுதான் காரணம் என்றார்கள். மரச்சீனி தின்னாத ஊர்களிலும் அந்நோய் தெரியவந்தபோது அந்த வாதம் நிற்கவில்லை. கண்ணில் படுவதைக் காரணமாக்கும் அவசரம் மருத்துவத்துக்கு எப்போதும் உண்டு. அழற்சியையும் அப்படித்தான் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. அழற்சி நோயை வளர்க்கிறது, ஆனால் ஊற்று அதற்கு முன்னால் இருக்கிறது. ஊற்று, பத்தாயம் நிறைந்து வழிவது. இதற்கு இரண்டு சாட்சிகள் எனக்குப் போதும். முதலாவது, லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய். உடலில் கொழுப்புத் திசுவே உருவாகாது. எலும்பும் தசையும் தெரியும்படி மெலிந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோயும் ஈரல் கொழுப்பும் வருகின்றன. வைக்க இடமில்லாத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்ச் சேருகிறது. அவர்களுக்கு லெப்டின் ஊசி நல்ல பலன் தந்தது. 2014இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. இரண்டாவது, 2004இல் வெளியான ஓர் ஆய்வு. பருமனான 15 பெண்களிடம் தோலடிக் கொழுப்பைச் சுமார் பத்துக் கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். இன்சுலின் வேலை செய்வதில் மாற்றமில்லை, அழற்சி அளவுகளிலும் மாற்றமில்லை. கொழுப்பை உறிஞ்சினால் சர்க்கரை போகும் என்று விளம்பரம் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தோலுக்கடியில் அடங்கிக் கிடக்கும் கொழுப்பு பத்தாயத்துக்குள் இருக்கும் நெல். அறைக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் சிதறிக் கிடப்பதுதான் வீட்டைக் கெடுக்கிறது.

நம் ஆட்களுக்குப் பத்தாயம் சிறியது. பிரிட்டனின் ஜான் யூட்கினும் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் 2004இல் லான்செட் இதழில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம் நெசவாளரின் குறியெண்ணும் கிட்டத்தட்ட அதே 22. யாஜ்னிக்கின் ஆய்வு இன்னும் முன்னால் போகிறது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தைக்குத் தசையும் உறுப்புகளும் சிறுத்திருக்க, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தால், எடை குறைந்திருந்தும் லெப்டின் சளைக்கவில்லை, இன்சுலின் கூடுதல். தொட்டிலிலேயே நோயின் சாயல் இருக்கிறது. வளர்ந்த பிறகும், கனடாவில் நடந்த ஆய்வின்படி, தெற்காசியரின் கொழுப்பு செல்கள் உருவில் பெரியவை. புதிய செல்களைப் பெருக்கி இடம் உண்டாக்குவதற்குப் பதில், இருப்பவை ஊதுகின்றன. ஊதிய செல்தான் முதலில் சாகிறது.

இரணியலின் மூன்று தலைமுறையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அந்தக் கிழங்குதான் இந்தப் பக்கத்து வயிறுகளைக் காத்தது. அவித்த மரச்சீனியும் சாளை மீனும் தின்றுவிட்டு நாள்முழுக்கத் தறியில் மிதித்தார்கள், தென்னை ஏறினார்கள், வயலில் நின்றார்கள். அந்தப் பட்டினி கண்ட தாய்மார்களின் வயிற்றில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று கடையில் சாயாவும் பழம்பொரியும், இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சாப்பிட்டு, பைக்கில் வீடு திரும்புகிறார்கள். பஞ்சத்துக்காகப் பழகிய உடலுக்குத் திடீரென்று தினமும் திருவிழா. குற்றம் ஒருவருடைய நாக்கில் மட்டும் இல்லை.

எண்களும் இதைத்தான் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மோகன் குழுவும் நடத்திய 'இந்தியாப்' என்ற ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 25.5. உடல் நிறைக் குறியெண் 25ஐத் தாண்டியவர்கள் நாட்டில் 28.6 விழுக்காடு, இடுப்பளவு எல்லையைத் தாண்டியவர்கள் 39.5. அதாவது நூற்றுக்குக் குறைந்தது பத்துப் பேரைத் தராசு நல்லவர் என்று அனுப்பிவிடுகிறது, நாடாதான் பிடிக்கிறது.

என்ன செய்யலாம் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் விட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39.3. இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, இந்த இரண்டாம் அணியினருக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையாமலே நோய் தள்ளிப்போயிற்று. நடப்பது தசையையும் ஈரலையும் ஒழுங்குபடுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்தி வேண்டாம். எடை குறையவில்லை என்று மனம் விட்டு நடையை நிறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 1007 பேரிடம் நடத்திய கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2018இல் வந்தது. இரண்டு ஆண்டில் வழக்கம்போல் விட்டவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கும், திட்டத்தில் சேர்ந்தவர்களில் 14.9 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஊர்க்கூட்டம் போட்டு அறிவுரை சொல்வது மட்டும் போதாது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. பயோகிளிட்டசோன் கொழுப்பு செல்களைப் புதிதாகப் பெருக்கி, அடிபோனெக்டினைக் கூட்டி, சர்க்கரையை இறக்குகிறது. கூடவே எடையை ஏற்றுகிறது. பத்தாயத்தைப் பெரிதாக்கும் மருந்து என்று சொல்லலாம். பக்க விளைவு அச்சத்தில் 2013 ஜூனில் இந்தியா அதை நிறுத்தி, அடுத்த மாதமே எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப அனுமதித்தது. இப்போது பேசப்படும் செமாகுளூட்டைடும் டிர்செப்பட்டைடும் குடல் ஹார்மோன்களின் வழியில் வந்தவை. 2025இல் இரண்டும் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்தன. எடையும் வயிற்றுக் கொழுப்பும் நன்றாகக் குறைகின்றன, அழற்சி அளவும் இறங்குகிறது. நிறுத்தினால் எடை திரும்புகிறது. லெப்டின் விழுந்ததும் பஞ்சம் என்று கத்தும் மூளை இங்கும் வேலை செய்கிறது. தசையும் சேர்ந்து கரைகிறது என்பது, பிறவியிலேயே தசை குறைந்த நமக்குக் கூடுதல் கவலை. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இவை.

லெப்டின், அடிபோனெக்டின் பரிசோதனைக்குப் பணம் கட்டச் சொல்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வுக்கு அவை தேவை. ஒருவருடைய சிகிச்சையைத் தீர்மானிக்க இன்று அவற்றால் பயனில்லை. அந்தப் பணத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் ஈரல் ஸ்கேனும் பார்ப்பது மேல்.

திண்ணைக்குத் திரும்புகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. தொற்றாநோய்க் கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் நிரப்பும் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு கட்டம் உண்டு. பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 செ.மீ. வரை மதிப்பெண் பூஜ்யம். அதைத் தாண்டினால் ஒன்று, இன்னும் தாண்டினால் இரண்டு. அந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக நிரப்பாதீர்கள் என்று சுகாதாரப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். வாசகரே, உங்கள் வீட்டில் தையல் பெட்டிக்குள் ஒரு இஞ்ச் டேப் கிடக்கும். பெண்ணுக்கு முப்பத்தொன்றரை அங்குலம், ஆணுக்கு முப்பத்தைந்தரை. பேண்ட் அளவை வைத்துச் சொல்லாமல், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, வயிற்றை எக்காமல் இன்றைக்கே அளந்து பாருங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், எவ்வளவு மெலிந்தவராக இருந்தாலும், பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். அங்கே அதற்குக் காசு வாங்குவதில்லை.